ஓக்லாந்து போகும் தம்பிக்கு



ஃப்ரீமாண்டில் வளர்ந்து கணிதத்தில் பட்டம் வாங்கிய பிள்ளை, கைக்கு வந்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பார்ட் ரயிலேறி கிழக்கு ஓக்லாந்துக்குப் போய்க் கறுப்பினச் சிறுவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போகிறான் என்றால், வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். அது போகட்டும். உனக்கு முன்னால் இந்த வேலையில் இறங்கியவர்கள் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது படத்துக்கு மட்டும் நன்றாக இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் ஊரைப் பற்றி. ஓக்லாந்துக்குப் போய் யாரும் புதிதாகத் தொண்டு கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1969 ஜனவரியிலேயே அங்கிருக்கும் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலை உணவு போட ஆரம்பித்துவிட்டார்கள். பொழுது விடியுமுன் அடுப்பு மூட்டி, முட்டையும் ரொட்டியும் செய்து, பள்ளி மணி அடிப்பதற்குள் பரிமாறி அனுப்பினார்கள். துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியுமாகத்தான் வெளியுலகம் அந்தக் கட்சியை அறிந்திருந்தது. எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கோ துப்பாக்கியைவிட இந்த முட்டைதான் பெரிய உறுத்தல். ஊர் மக்களின் மனத்தை அவர்கள் பக்கம் திருப்பியது அதுதான் என்று அவர் சரியாகவே கணித்தார். காலை உணவு பல நகரங்களுக்குப் பரவியது. மத்திய அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் நிரந்தரமானது 1975-இல்தான். அதற்கு முன்பே, 1973-இல், அதே கட்சியினர் கிழக்கு ஓக்லாந்தில் ஓக்லாந்து சமுதாயப் பள்ளி என்று ஒன்றை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். பெரும்பாலான காலம் எரிக்கா ஹக்கின்ஸ் அதன் தலைவராக இருந்தார். 1982-இல் அது மூடப்பட்டது. உன் வகுப்பில் உட்காரும் பையனின் பாட்டியோ பெரியப்பாவோ அங்கே படித்தவராக இருக்கலாம். சேர்ந்த முதல் மாதத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசிவிடு. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காத விஷயங்கள் அவரிடம் இருக்கும்.

அந்த ஊரில்தான் 2010-இல் பள்ளி நிர்வாகமே ஒரு காரியம் செய்தது. கறுப்பின மாணவர்களின், குறிப்பாக ஆண் பிள்ளைகளின், படிப்புக்கென்று தனியாக ஓர் அலுவலகம் திறந்தது. அமெரிக்காவில் எந்தப் பள்ளி மாவட்டமும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. பொறுப்புக்கு வந்தவர் கிறிஸ்டோஃபர் சாட்மன். அவர் ஆரம்பித்த வகுப்பில் சிறப்பு என்ன தெரியுமா? அது பள்ளி விட்டபின் நடக்கும் வகுப்பு இல்லை. மதிய நேரத்தில் பீட்சா கொடுத்துக் கூட்டிவைக்கும் கூட்டமும் இல்லை. கால அட்டவணைக்குள்ளேயே, கணிதம் அறிவியல்போல மதிப்பெண்ணோடு வரும் பாடம். எடுப்பவர் கறுப்பின ஆண். சான்றிதழ் எத்தனை வைத்திருக்கிறார் என்பதைவிட, பையன்களோடு பேசத் தெரிந்தவரா, அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடியவரா என்று பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். பாடத்தில் ஆப்பிரிக்க வரலாறு உண்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாறு உண்டு, கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது வரை எல்லாம் உண்டு.

பலன் இருந்ததா? தாமஸ் டீ, எமிலி பென்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019-இல் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். வகுப்பு எல்லாப் பள்ளியிலும் ஒரே ஆண்டில் தொடங்கவில்லை. ஒவ்வொரு பள்ளியாக, வெவ்வேறு ஆண்டில் வந்தது. அதனால் வகுப்பு வந்த பள்ளியையும் இன்னும் வராத பள்ளியையும் ஒப்பிட முடிந்தது. வகுப்பு கிடைத்த பள்ளிகளில் படிப்பைப் பாதியில் விட்ட கறுப்பினப் பையன்களின் எண்ணிக்கை 43 சதவீதம் குறைந்திருந்தது. வகுப்பில் சேர்ந்த பையன்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் போட்ட கணக்கு இல்லை இது. அந்த வகுப்பு இருந்த பள்ளியின் கறுப்பினப் பையன்கள் எல்லாரையும் சேர்த்த கணக்கு. அந்த வகுப்பில் உட்காரவே முடியாத கறுப்பினப் பெண்பிள்ளைகளிடமும் சிறிதளவு குறைவு தெரிந்தது.

இதற்கு ஒத்துப்போகிற கணக்கு ஒன்று வட கரோலினாவிலிருந்து வந்தது. சேத் கெர்ஷன்சனும் சக ஆய்வாளர்களும் அந்த மாநிலத்தின் பள்ளிப் பதிவுகளைப் புரட்டினார்கள். மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையில் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியராவது கிடைத்திருந்தால், மிக ஏழைக் குடும்பத்துக் கறுப்பினப் பையன் உயர்நிலைப் பள்ளியை விட்டுப்போகும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்தது. ஒரு வருடம், ஒரு ஆசிரியர். ஆனால் அந்த ஒருவருக்கு எங்கே போவது? அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் 2 சதவீதத்துக்கும் கீழே. தெற்கு கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2000-இல் சில கறுப்பினக் கல்லூரிகளோடு சேர்ந்து ‘கால் மீ மிஸ்டர்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தொடக்கப்பள்ளிகளுக்குக் கறுப்பின ஆண் ஆசிரியர்களைத் தயார் செய்ய ஆரம்பித்தது இந்தப் பஞ்சத்தைப் பார்த்துத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்படியானால் என்னைப்போன்ற தமிழ்ப் பையனுக்கு அங்கே என்ன வேலை?” என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் நல்லது. அந்தக் கேள்வியே தோன்றாமல் போகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே வெள்ளைப்பலகை முன்னால் போய் நின்றுகொள்வார்கள். உனக்கு அங்கே வேலை உண்டு. இயற்கணிதத்தில் தடுமாறும் பையனுக்கு இயற்கணிதம் தெரிந்தவன் வேண்டும். வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும், பெற்றோருக்குப் போன் போக வேண்டும், பேருந்து அட்டை தீர்ந்துபோன பிள்ளையை யாராவது கவனிக்க வேண்டும். ஆனால் வட்டத்தின் நடுவில் பேசுகிறவர் அந்தத் தெருவில் வளர்ந்தவராக இருக்கட்டும். நீ பக்கத்து நாற்காலியில் இரு.

சரி, உட்கார்ந்தாயிற்று. பார்வையை எங்கே வைப்பாய்?

கேள்வி விளையாட்டாகத் தெரியலாம். யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் 2016-இல் இதையே சோதித்தார். மழலையர் பள்ளி ஆசிரியர்களைக் கணினித் திரை முன்னால் உட்காரவைத்து, நான்கு குழந்தைகள் விளையாடும் வீடியோவைக் காட்டினார்: கறுப்பினப் பையன், கறுப்பினப் பெண், வெள்ளைப் பையன், வெள்ளைப் பெண். சேட்டை தொடங்குவதற்கான அறிகுறி தெரிகிறதா என்று கவனியுங்கள் என்று சொல்லிவைத்தார். வீடியோவில் சேட்டை எதுவும் கிடையாது. குழந்தைகள் நடிக்க வந்தவர்கள். கண் போகும் திசையைப் பதியும் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களின் கண் அதிக நேரம் தங்கியது கறுப்பினப் பையன் மேல். பார்த்த ஆசிரியர்களில் கறுப்பினத்தவரும் உண்டு.

எதையும் தேடாத கண்ணில் படாத தப்பு, தேடுகிற கண்ணில் பட்டுவிடும். 2015-16 கல்வியாண்டின் மத்திய அரசுக் கணக்கில், கறுப்பினப் பையன்கள் மொத்த மாணவர்களில் 8 சதவீதம். பள்ளியிலிருந்து தற்காலிகமாக வெளியேற்றப்பட்டவர்களில் 25 சதவீதம். ஆகவே உனக்கென்று ஒரு சின்ன நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள். இன்று எந்தப் பெயரை அதட்டலாகச் சொன்னாய், எதற்குச் சொன்னாய் என்று மாலையில் இரண்டு வரி எழுது. ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று உனக்கே தெரியும். அவன் நிஜமாகவே பத்து மடங்கு சேட்டை செய்தானா என்பதை அப்போது யோசி.

சிகாகோவில் ஒரு திட்டம் இருக்கிறது, ‘பிகமிங் எ மேன்’ என்று பெயர். சுருக்கமாக ‘பேம்’ என்பார்கள். யூத் கைடன்ஸ் என்ற அமைப்பில் வேலை பார்த்த ஆன்டனி ராமிரெஸ் டி விட்டோரியோ 2001 வாக்கில் தொடங்கியது. பையன்கள் எல்லாரும் அவரை டோனி டி என்று கூப்பிடுவார்கள். கறுப்பினப் பையன்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பையன்களும் வாரம் ஒரு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே, வட்டமாக உட்காருவார்கள். முதலில் ஒவ்வொருவரும் இன்றைக்கு உடம்பு எப்படி, மனசு எப்படி என்று சொல்ல வேண்டும். நடத்துகிறவரும் சொல்ல வேண்டும், தப்பிக்க முடியாது.

அங்கே நடக்கும் பயிற்சி ஒன்று மிகப் பிரபலம். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்து கொடுப்பார்கள். மற்றவனிடம், “முப்பது வினாடிக்குள் அதை வாங்கிவிடு” என்பார்கள். அவ்வளவுதான். அறை அமளியாகிவிடும். விரலை நெம்புவான், கையை முறுக்குவான், இருவரும் தரையில் உருளுவார்கள். நேரம் முடிந்ததும் இடம் மாற்றி இன்னொரு முறை. மறுபடியும் அதே கதை. பிறகு நடத்துகிறவர் சாவகாசமாகக் கேட்பார்: ஏன் ஒருத்தன்கூட அந்தப் பந்தைக் கொடு என்று கேட்கவில்லை? பையன்கள் விழிப்பார்கள். கேட்டால் கொடுத்திருக்கமாட்டான், என்னைக் கோழை என்று நினைத்திருப்பான் என்பார்கள். உடனே பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்பி, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று கேட்பார். பெரும்பாலும் வரும் பதில், கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பதுதான்.

மரியாதையாகக் கேட்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடம் என்று இதைப் புரிந்துகொண்டால் போச்சு. சிகாகோவின் சில தெருக்களில் ஒருவன் உன் போனைப் பிடுங்க வரும்போது எதிர்த்து நிற்காவிட்டால், நாளைக்கு வேறு நாலு பேர் வருவார்கள். அங்கே கை முந்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே கை வகுப்பில் ஆசிரியர் “தொப்பியைக் கழற்று” என்று சொல்லும்போதும் முந்தினால் பையன் வீட்டுக்கு அனுப்பப்படுவான். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒரு கணம் நின்று பார்க்கப் பழக்குவதுதான் பயிற்சியின் வேலை. தெருவில் அவன் கற்றதைத் தப்பு என்று அது சொல்வதில்லை.

இந்தத் திட்டத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வகம் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. 2009-10இல் நடந்த முதல் சோதனையில் 18 பள்ளிகளின் 2,740 பையன்கள். திட்டத்தில் கலந்துகொண்டவர்களிடம் வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பள்ளி முடித்தவர்கள் கூடினார்கள். 2013 பிப்ரவரியில் ஒபாமா சிகாகோவின் ஹைட் பார்க் அகாடமிக்கு வந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று வெள்ளை மாளிகையில், கறுப்பினப் பையன்கள் உள்ளிட்டோருக்கான ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ திட்டத்தை அறிவித்தபோது அந்தப் பையன்கள் பின்னால் நின்றார்கள். பத்திரிகைக் கதை இங்கே முடிந்துவிடும். நீ மேலே படிக்க வேண்டும்: கைது குறைந்தது திட்டம் நடந்த காலத்தில்தான், முடிந்த பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை. திட்டத்தை விரித்து நடத்திய பிந்தைய சோதனையில் முந்தைய சோதனைகளில் கிடைத்த அளவு பலன் வரவில்லை. இதற்காகத் திட்டம் வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஓராண்டு உட்காரவைத்துவிட்டு, போய் வா என்று அனுப்பினால் போதாது என்றுதான் அதிலிருந்து தெரிகிறது.

கணக்கு என்றதும் இன்னொன்று. சிகாகோவில் டிம் கிங் தொடங்கிய அர்பன் பிரெப் என்ற ஆண்கள் பள்ளி 2006-இல் எங்கல்வுட் பகுதியில் திறந்தது. கோட்டு, டை கட்டாயம். ஒரு பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அவனுடைய வெறும் சிவப்பு டையை அவிழ்த்து, சிவப்பும் பொன்னும் பட்டைபோட்ட டையைக் கட்டிவிடுவார்கள். 2010-இல் வெளியேறிய முதல் வகுப்பின் 107 பேருக்கும், ஒருவர் பாக்கியில்லாமல், நான்காண்டுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. உள்ளே வரும்போது வயதுக்கேற்ற வாசிப்புத் திறன் இருந்தது வெறும் 4 சதவீதம் பேருக்கு. பெரிய சாதனைதான், நாடெங்கும் கைதட்டினார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 150 பேர். இடையில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று கைதட்டியவர்களில் அதிகம் பேர் கேட்கவில்லை. பின்னாளில் அந்தப் பள்ளி நிர்வாகச் சிக்கலில் மாட்டி, 2022-இல் நகரக் கல்வி வாரியம் அதன் உரிமத்தை ரத்து செய்ய வாக்களிக்கும் நிலைமை வந்தது. உன் திட்டத்தின் ஆண்டறிக்கையை நீ எழுத நேர்ந்தால், முடித்தவர்களின் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் போடு. நன்கொடையாளருக்குப் பிடிக்காமல் போகலாம், போடு.

டல்லாஸ் கதை உன் காதுக்கும் வந்திருக்கும். 2017 டிசம்பரில் பில்லி எர்ல் டேட் நடுநிலைப் பள்ளியில் ‘அப்பாக்களோடு காலை உணவு’ என்று ஒரு நாள் வைத்தார்கள். அப்பா வரமுடியாத பையன்கள் நிறைய இருப்பார்களே என்று, ஐம்பது ஆண்கள் வந்து உதவினால் நன்றாக இருக்கும் எனக் கேட்டுவைத்தார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய 600 பேர். பையன்கள் 150 பேர்தான். படங்களைப் பார்த்தால், கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் குனிந்து, பதினொரு வயதுப் பையனின் காலருக்கடியில் டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்; பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மோவாயை மேலே தூக்கி நிற்கிறான். அழகான படம், மறுப்பதற்கில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஆய்வின் பக்கத்திலிருந்தும் ஓர் ஆதரவு உண்டு. ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞர், தமிழ்ப் பெற்றோரின் மகன், டெல்லியில் பிறந்தவர். அவரும் குழுவினரும் 2018-இல் சுமார் 2 கோடி அமெரிக்கப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே வருமானமுள்ள வீட்டில், ஒரே வட்டாரத்தில் வளர்ந்தாலும், 99 சதவீத வட்டாரங்களில் கறுப்பினப் பையன் வளர்ந்தபின் வெள்ளைப் பையனைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறான். விதிவிலக்கான சில வட்டாரங்களில் கறுப்பினப் பையன்கள் நன்றாக வந்திருந்தார்கள். ஏழ்மையும் இனவெறுப்பும் குறைவாக இருந்ததோடு, வீட்டோடு இருக்கும் கறுப்பின அப்பாக்கள் அங்கே அதிகம். அந்தப் பையனின் சொந்த அப்பா வீட்டில் இருந்தாரா என்பதைவிட, தெருவில் எத்தனை அப்பாக்கள் இருந்தார்கள் என்பதற்கே எடை அதிகமாக இருந்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் பங்கு உண்டு என்று ஆகிறது. ஆனால் பக்கத்து வீட்டு மாமா தினம் அங்கே இருக்கிறார். ஒருநாள் காலை வந்துபோன 600 பேரைவிட, செவ்வாய்க்கிழமைதோறும் வருகிற ஆறு பேர் உன் திட்டத்துக்கு வேண்டும். படம் எடுக்க யாரும் வராத செவ்வாய்க்கிழமைகளில் உன்னையும் சேர்த்துத்தான் சொல்வது.

தினம் இருக்கிற ஆள் வேறு யார்? முடி வெட்டுகிறவர். ஆல்வின் இர்பி பிராங்க்ஸ் பகுதியில் முதல் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, பள்ளிக்கு எதிரே இருந்த சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார். அவருடைய மாணவன் ஒருவன் உள்ளே வந்து, முறைக்காகக் காத்திருந்து நெளிந்துகொண்டிருந்தான். கையில் ஒரு புத்தகம் இருந்திருக்கலாமே என்று தோன்றியதில் பிறந்ததுதான் ‘பார்பர்ஷாப் புக்ஸ்’. கறுப்பினத்தவரின் சலூன்களில் பையன்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சின்னப் புத்தக அலமாரி. 2017-இல் தேசியப் புத்தக அறக்கட்டளையின் வாசிப்புப் பரிசு கிடைத்தது. இர்பியிடம் கவனிக்க வேண்டியது அலமாரியைவிட அதற்குள் அவர் வைக்கும் புத்தகங்களைத்தான். கறுப்பினப் பையனுக்கென்று பெரியவர்கள் எடுத்துக் கொடுப்பதெல்லாம் அடிமை வரலாறும் உரிமைப் போராட்டமும் பெரியோர் வரலாறுமாகவே இருக்கிறது. ஏழு வயதுப் பையனுக்குச் சிரிப்பு வேண்டாமா என்பது அவர் கட்சி. அசட்டுத்தனமான, அருவருப்பான வேடிக்கைகள் நிறைந்த புத்தகங்களைப் பையன்களே கேட்டு வாங்குகிறார்கள். மிச்சிகனில் இப்சிலாண்டி என்ற ஊரில் ஃபுல்லர் கட் என்ற சலூனில், உட்கார்ந்து சத்தமாக வாசிக்கும் பிள்ளைக்கு 2 டாலர் குறைத்துக்கொண்டார்கள். எந்த அறக்கட்டளையின் தயவும் தேவைப்படாத திட்டம் அது.

“பெண்பிள்ளைகளுக்கு?” என்று உன்னிடம் யாராவது கேட்பார்கள். ஒபாமா திட்டம் வந்த 2014-லேயே கிம்பர்லே கிரென்ஷா உள்ளிட்ட கறுப்பினப் பெண் அறிஞர்கள் அதை உரக்கக் கேட்டார்கள். கறுப்பினப் பெண்பிள்ளைகளும் அதே பள்ளிகளில், அதே தண்டனைகளுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. எரிச்சல்படாமல் பதில் சொல். ஓக்லாந்தே பிறகு பெண்பிள்ளைகளுக்கும் தனியாக ஏற்பாடு செய்தது.

சட்டப் பக்கம் இப்போது காற்று எதிராக அடிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2021-இல் கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய திட்டத்தின் மேல் 2023-இல் மத்திய அரசிடம் புகார் போனது. அடுத்த ஆண்டே இனத்தை அளவுகோலாக வைப்பதை மாவட்டம் விட்டுவிட்டது. உங்கள் திட்ட விண்ணப்பத்திலும் வார்த்தைகள் மாறும். வார்த்தை மாறியும் வேலை மாறாத இடம் ஒன்று உண்டு. மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்ட்டி பல்கலைக்கழகத்தில் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி நடத்திய மேயர்ஹாஃப் திட்டம் 1989-இல் 19 கறுப்பின ஆண் மாணவர்களோடு தொடங்கியது. மறு ஆண்டு பெண்களைச் சேர்த்தது; 1996-இல் எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்தது. அதன்பிறகும் கறுப்பின அறிவியல் முனைவர்களை உருவாக்குவதில் முன்வரிசையில்தான் இருக்கிறது. அங்கே கோடையிலேயே எல்லாரையும் ஒரே விடுதியில் தங்கவைத்து, கூட்டமாகப் படிக்கப் பழக்குகிறார்கள். தனியாகப் போராடிப் பெயர் வாங்கும் பழக்கத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் வார்த்தை மாறினாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

கடைசியாகப் பணம்.  நீ சேரும் இடத்தில் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடு, கேட்பதில் வெட்கமில்லை. ஜூனில் முடிகிற மானியம் என்றால், ஏழாம் வகுப்புப் பையனிடம் அடுத்த ஆண்டும் கணிதம் சொல்லித் தருகிறேன் என்று டிசம்பரில் வாக்குக் கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால், மானியம் நின்றபின்னும் வாரம் ஒரு மாலை ஃப்ரீமாண்டிலிருந்து ரயிலேறி வந்துவிடு. நூலகத்தில் இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பக்கத்துச் சலூன்காரரைக் கேட்டுப் பார்.

அன்புடன்,
அண்ணன்